வழியில் நிற்காமல் போக வேண்டிய மகனுக்கு

ஐயா,

கட்டிலுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்துக்குள் சுருட்டி வைத்துவிட்டு நீ பெங்களூருக்குத் திரும்பிவிட்டாய், அந்தக் கறுப்பு உடுப்பு என் கையில் அகப்பட்டுவிட்டது. மேலே சட்டையும் கீழே டவுசருமாக ஒன்றாகத் தைத்து, முன்னால் ஜிப் வைத்து, நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் இது ஒன்றே போதும் என்று ஆசை ஆசையாக வாங்கினாயே, அதுதான். மறந்து வைத்துவிட்டுப் போனதாக நான் நம்ப வேண்டுமென்றால் அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஜமுக்காளத்துக்குள் மடித்து, அதன்மேல் தலையணையும் வைத்தால் அதற்குப் பெயர் மறதி இல்லை. ஒளித்து வைக்கிற விஷயத்தில் நான் உனக்கு மூத்தவள். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பால்கோவா எங்கே இருக்கிறது என்பது எனக்கும் பால்கோவாவுக்கும் மட்டும்தான் தெரியும். சரி, துவைத்து மாடிக் கொடியில் காயப் போட்டேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏமி அக்கா, மலைப்பாம்பு எதுவும் சட்டை உரிச்சிட்டுப் போயிருக்கா?" என்று கேட்டாள். "ஆமா, என் மகன்தான்" என்றேன். இன்று சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸில் அதைப் பார்சல் போடுகிறேன். அதற்குள் இந்தக் கடிதமும் இருக்கும். கவரை ஒட்டப் போவதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நம் வீட்டு விஷயம் எதுவும் ஒட்டிய கவருக்குள் இருந்ததில்லை, இது மட்டும் ஏன்?

முந்தாநாள் போனில் நீ சொன்னதை அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டேன், பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்தது நீ பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை என்பதால் லைன் கட்டாகிவிட்டதாக நினைத்து நீ "அம்மா, அம்மா" என்று கத்தினாய். "இந்த வருஷம் வேண்டாம்மா. பிளான்ல எண்பத்தெட்டு கிலோன்னு போட்டிருந்தேன். தொண்ணூத்தி மூணுக்குக் கீழே இறங்க மாட்டேங்குது. எல்லாரும் வெடவெடன்னு ஒல்லியா வந்து நிப்பாங்க. நடுவுல நான் மட்டும் அந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு நிக்கணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." இதைத்தானே சொன்னாய்? கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. கடலில் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். இதை நீ முதன்முதலாக விளக்கியபோது, "ஏய்யா, அந்த ஊருக்குள்ள பஸ்ஸே கிடையாதா?" என்று கேட்டவள் நான். அப்படிப்பட்ட நான்தான் இன்றைக்கு உன்னைப் போகச் சொல்லி எழுதுகிறேன். ஆண்டாள் சந்நிதியில் கேட்டிருந்தால்கூட இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

நீ இதை ஆரம்பித்த கதையை உனக்கே சொல்கிறேன், ஏனென்றால் நீ கிலோக் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டாய். ஆபீஸில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை வாசல்படி வரை வந்து நிற்கிறது, உள்ளே கூப்பிடுவதும் விரட்டுவதும் உங்கள் இஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நூறைத் தாண்டி நிற்கிற உடம்பைத் தூக்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை என்று பெங்களூரிலிருந்து பெட்டியோடு ராஜபாளையம் வந்து சேர்ந்தாய். மற்ற பிள்ளைகளாக இருந்தால் சாயங்காலம் ரெண்டு தெரு நடப்பார்கள். நீ உன் அப்பாவின் மகன் அல்லவா? மில்லில் ஒரு போல்ட் கழன்றால் மெஷினையே கழற்றி மாட்டுகிற பரம்பரை. நேரே போட்டிக்குப் பணம் கட்டிவிட்டு, பெங்களூர்க் கோச் ஒருவரைப் போனில் பிடித்து, பிரிட்ஜ் கதவில் கலர் கலராக ஒரு பிளானை ஒட்டினாய். நீலம் நீச்சல், பச்சை சைக்கிள், சிவப்பு ஓட்டம். ஓரத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ குறைய வேண்டும் என்று ஒரு கோடு, சறுக்கு மரம் மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். பால் எடுக்கப் போனாலும் அந்தக் கோடு, மாவு எடுக்கப் போனாலும் அந்தக் கோடு. நாலு நாளில் நானே பிரிட்ஜைத் திறக்கப் பயந்துபோய் அரைக் கிலோ குறைந்தேன். அது எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? உன் எடை மெஷினில் நான் ஏறிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அது கண்ணை மூடியது. பேட்டரி போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது சும்மா.

அந்தப் பிளானில் குறை ஒன்றும் இல்லை. குறை அதைப் போட்ட சாலையில் இருந்தது. சனிக்கிழமை தோறும் ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும் என்று கோச் கம்ப்யூட்டரில் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். மேடு எங்கே, பள்ளம் எங்கே, எதிர்க்காற்று எங்கே என்றெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பெரியம்மா இருப்பதும் வத்திராயிருப்பில் உன் அத்தை இருப்பதும் அதற்குத் தெரியவில்லை. சொந்தக்காரர் வாசலைத் தாண்டிப் போகிறவன் உள்ளே வந்து கை நனைக்காமல் போகக் கூடாது என்கிற சட்டத்தைப் பெங்களூரில் யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்? நீயாவது சத்தமில்லாமல் போய் வந்திருக்கலாம். ஆனால் நீ பிறந்தது என் வயிற்றில். முதல் சனிக்கிழமை நீ தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் அக்காவுக்குப் போன் போட்டாயிற்று. "கறுப்புக் கண்ணாடி, தலையில தொப்பி, மஞ்சச் சைக்கிள். பிள்ள வெறும் வயித்தோட வாரான்." அக்கா உன் அத்தைக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் உனக்கு விடிவே இல்லை.

பெரியம்மா வாசலில் கையை விரித்து நின்றுகொண்டு லாரியை மறிப்பது போல உன்னை மறித்தாளாம். "நாலு இட்லி தின்னா சைக்கிள் சக்கரம் சுத்தாதாலே?" நாலு என்று சொல்லி எட்டு வைக்கிறவள் அவள். அங்கிருந்து வத்திராயிருப்பு போனால் அத்தை வீட்டில் கோழிக் குழம்பு. போகும்போது சாப்பிட்டதைத் திரும்பும்போது சாப்பிட்டதாகக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது வேறு, இது வேறு. ஒரு மாதம் இப்படிப் போனது. எடை மெஷின்தான் இல்லையே என்று அத்தை வீட்டு மாமா உன்னைத் தன் கொப்பரை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், தேங்காய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். மண்டியில் எடையைச் சத்தமாகச் சொல்லித்தான் மாமாவுக்குப் பழக்கம். "நூத்தி ஆறூ!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு மூட்டை தூக்குகிற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர், "என்ன முதலாளி, ஈரத்தோட நிறுத்திட்டீயளா?" என்று கேட்டாராம். நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாய். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து உடம்பு ஏறின முதல் ஆள் இந்த ஜில்லாவிலேயே நீதான் என்று தெருவெல்லாம் சொன்னேன். ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தபோதுதான் நிஜமாகச் சிரித்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று எனக்கு உறைத்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நீ வைராக்கியம் எடுத்தாய். காலையில் வெறும் காப்பி, அதுவும் சர்க்கரை இல்லாமல். பெரியம்மா வாசலில் கையை விரித்து நிற்க, நீ கறுப்புக் கண்ணாடிக்குள் தரையைப் பார்த்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். வத்திராயிருப்பிலும் அப்படியே. அத்தை "ஏலே! ஏலே மருமவனே!" என்று கூப்பிட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம், உனக்குக் கேட்கவில்லையாம். அடுத்த நிமிஷம் என் போன் அலறியது. "மயினி, ஒங்க மகன் என் வாசலத் தாண்டிப் போறான். கண்ணாடி போட்டா அத்தைய தெரியாதோ? நான் என்ன விஷமா வச்சிருக்கேன்? இன்னைக்கு அவனக் கேக்காம விட மாட்டேன்." மாமாவைக் கைலியோடு வண்டியை எடுக்கச் சொல்லி, சண்டைக்குப் போகும்போதும் மறக்காமல் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். எந்த ஊரிலாவது திட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போவார்களா? நம் ஆட்கள் போவார்கள்.

திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் கூமாப்பட்டியையும் தாண்டி, மலையடி அணைக்குப் போகிற வழியில், ஒரு பாலத்துக் கட்டையில் நீ உட்கார்ந்திருந்தாயாம். சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது. முகம் வெளுத்து, அத்தையைப் பார்த்து "யாரு?" என்று கேட்டாயாம். வாசலில் கேட்காதவன் என்று திட்டுவதற்குத் தயாராக வந்தவள் அந்த ஒரு வார்த்தையில் உடைந்து போனாள். கருப்பட்டியை உடைத்து உன் வாயில் வைத்து, தயிர்ச் சோற்றைப் பிசைந்து ஊட்டி, ஊட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. "முழுங்குலே. ஒங்க அப்பன் கல்யாணத்தப்ப ஒன்னை மாதிரித்தான், பசிச்சா சொல்ல மாட்டான். முழுங்கு. இவரு மெலிஞ்சு ராசாவாகப் போறாரு." செத்த நேரத்தில் உனக்குக் கண் தெளிந்தது. தெளிந்ததும் நீ கேட்டது என்ன தெரியுமா? "இதுல எவ்வளவு கலோரி அத்த?" அந்த மனுஷி உன்னை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். எனக்கு மாமாதான் போனில் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் சத்தமாகப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் உன் கோச் வீடியோவில் வந்து உன்னை வாங்கின வாங்கில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. நீளமாக மிதிக்கிற நாளில் அரைமணிக்கு ஒரு தரம் ஏதாவது வாயில் போட வேண்டும், பட்டினி கிடந்து பயிற்சி செய்வது எண்ணெய் இல்லாமல் வண்டி ஓட்டுவது, எடை குறைவதை மற்ற நாட்களில், தட்டில், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பிறகு கதவுக்கு முன்னால் வந்து, "சார், அந்த ரோட்டுல எங்க அக்காவும் நாத்தனாரும் இருக்காங்க. அவங்களச் சும்மா இருக்கச் சொன்னா கேக்க மாட்டாங்க. என்ன குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். உப்புத் தூவின வேக வைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கருப்பட்டித் தண்ணீர், எலுமிச்சையும் உப்பும் கரைத்த பாட்டில். குழம்பு வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் அத்தையிடம் சொல்ல எனக்கு ரெண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது.

ஆனால் கஷ்டமானது குழம்பு இல்லை. உன்னை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான். போட்டியில் சைக்கிளில் போகிறபடியே கையில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அதனால் அதையும் பழக வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். பாட்டிலை நீட்டிப் பிடிக்க வேண்டும், நீ தொட்டதும் விட வேண்டும். இதில் என்ன இருக்கிறது? பெரியம்மாவுக்கு விடத் தெரியவில்லை. நீ பாட்டிலைப் பிடிக்க, அவளும் பிடித்துக்கொண்டே பத்து அடி கூடவே ஓடி, "காலையில வயித்துக்குச் சரியாப் போச்சாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டாள். மறுவாரம் பாட்டிலை விட்டாள், உன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் பால்காரர் மேல் விழுந்தீர்கள். வீட்டுக்கு வந்தவனை உட்கார வைக்காமல் அனுப்பினால் அது அவமானம் என்று ஐம்பது அறுபது வயது வரை வாழ்ந்தவர்கள், உனக்காக அந்தப் பழக்கத்தை வாசலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டு விட்டார்கள். கடைசிச் சனிக்கிழமை அத்தை பாட்டிலைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். "மயினி, வந்தான், வாங்குனான், போயிட்டான். ஒரு வார்த்த பேசல." பிறகு, "நல்லாத்தான் போறான்" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. உன் அத்தை அழுது நான் கேட்டது உன் மாமாவின் கடை தீப்பிடித்தபோதுகூட இல்லை.

இப்படித்தான் நூற்றாறு தொண்ணூற்று மூன்றானது. பிளானில் இருந்த கோடு வேறு மாதிரி இறங்கியது, நீ வேறு மாதிரி இறங்கினாய். உன் அப்பா கிணற்று மேட்டில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க நீ செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி நீந்தியதும், சாயங்காலம் ரயில்வே பீடர் ரோட்டில் நீ ஓடினால் நான் ஸ்கூட்டியில் பின்னால் வந்து தெருநாய்களோடு சமாதானம் பேசியதும் உன் கணக்கில் குறைகிற அந்த அஞ்சு கிலோவில் சேராதா? போன மாதம் ரத்தம் கொடுத்தாயே, சர்க்கரை வாசல்படியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விட்டதாக டாக்டர் சொன்னாரே, அதை ஏன் பிரிட்ஜ் கதவில் ஒட்டவில்லை? எண்பத்தெட்டு என்று எழுதினது நீ. அதை எழுதும்போது உனக்குக் கூமாப்பட்டிப் பாலம் தெரியாது. தெரியாதவன் எழுதினதைத் தெரிந்தவன் ஏன் தலையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

ஒல்லியானவர்கள் நடுவில் நிற்க வெட்கம் என்றாய். அந்த வெட்கத்தைப் பற்றி உன்னிடம் பேசத் தகுதியான ஆள் இந்த ஊரில் நான்தான். உன் சித்தி கல்யாணத்தில் போட்டோக்காரத் தம்பி, "அக்கா, நீங்க கொஞ்சம் பின்னால போங்க, பொண்ணு மறையுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் முதலில் சிரித்தேன், எனக்கு அது பழகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே பின்னால் போக ஆரம்பித்தேன். நீ பள்ளிக்கூடத்தில் கணக்குக்குக் கோப்பை வாங்கின படத்தைப் பார். உன் அப்பா இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார், யாரென்றே தெரியாத ஒரு ஆள்கூட இருக்கிறார். நான் ஓரத்தில் உன் பையைப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு வெளியே நிற்கிறேன். என்னை வா என்று நீ கூப்பிட்டாய். "அம்மா எதுக்குய்யா, நீ நில்லு" என்றேன். கொஞ்சம் மெலிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மெலியவும் இல்லை, நீ மறுபடியும் அந்த வயசுக்கு வரவும் இல்லை. இதை நான் வேடிக்கையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் மட்டும் வேடிக்கை வரவில்லை, விட்டுவிடு. அடுத்த வருஷம் என்று நீ போனில் சொன்னபோது நான் பதில் பேசாமல் நின்றது இதனால்தான். அந்த அடுத்த வருஷத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது வராது.

இன்னொரு சங்கதி. நாங்கள் வருகிறோம். வேன் பேசியாயிற்று. பெரியம்மா, அத்தை, மாமா, உன் அப்பா, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, நான். கோச்சிடம் விவரம் கேட்டதில், பாதையில் நிற்கிற வெளியாட்கள் எதையும் உன் கையில் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உன்னைப் போட்டியை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். இதை அத்தையிடம் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பச்சத்தண்ணி கூடவா?"

"பச்சத்தண்ணி கூட. அங்கன அவங்களே வழியெல்லாம் பந்தி வச்சிருப்பாங்களாம்."

"யாரு பரிமாறுதா?"

"தெரியல. ஊர்ப் பிள்ளைங்களா இருக்கும்."

"அவியளுக்கு இவன் பசிச்சா சொல்ல மாட்டான்னு தெரியுமா?"

அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் நீயே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். அரைமணிக்கு ஒரு தரம், வெட்கப்படாமல். நாங்கள் தூக்குச்சட்டிகளை மூடி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்போம். அத்தையின் ரெண்டு கையையும் மாமா பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்து நீ வந்து விழுந்த பிறகு திறப்போம். நீ கடைசி ஆளாக வந்தாலும், இருட்டின பிறகு வந்தாலும், பாதியில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாலும் சோறு ஆறாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. நீ கடலுக்குள் இறங்குவதற்கு முன்னால் உன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டம்மா எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீ அந்தப் பாம்புச் சட்டையில், நான் என் கத்தரிப்பூ நிறச் சேலையில். ரெண்டு பேருக்கும் இடம் போதவில்லை என்றால் அவள்தான் பின்னால் போக வேண்டும்.

பார்சலை பஸ் நிற்கிற இடத்தில் போய் வாங்கிக்கொள். பொட்டலத்தில் உடுப்பு மட்டும்தான் இருக்கிறது, பால்கோவா இல்லை. நம்பாமல் தேடிப் பார்ப்பாய் என்று தெரியும், தேடு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எங்களைத் தாண்டுகிறபோது அத்தை கட்டாயம் "ஏலே மருமவனே" என்று கூப்பிடுவாள். நானும் கூப்பிடுவேன், என் வாய் எனக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்காதே. கை நனைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இரு. எங்களுக்கு அது இப்போது பழகிவிட்டது.

அம்மா